இருகூர் சைடிங்குக்கு பி.டி.பி.என். டேங்க் வேகன்: அமெரிக்க எச்.ஓ. டேங்க் காரை எவ்வளவு தூரம் மாத்தலாம்?

இருகூர்_லூப்:

வணக்கமுங்க. இருகூர் பெட்ரோலிய சைடிங்கை (பக்கத் தடத்தை) மாடல் ரயிலா எச்.ஓ. அளவுல, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கா, 16.5 மி.மீ. தண்டவாளத்துல போட்டுட்டு இருக்கேன். நீளம் 3.6 மீட்டர், குறைஞ்ச வளைவு 457 மி.மீ. ஆரம். கையில இருக்கிறது ட்ரெயின் செட்டோட வர்ற பழைய பாணி அமெரிக்க டேங்க் கார் ஆறு. ஆறும் ஒரே மாதிரி. வெர்னியர்ல அளந்தது இது:

ஃப்ரேம் நீளம் 138 மி.மீ. போகி (அடியில இருக்கிற நாலு சக்கரத் தொகுதி) மையத்துக்கு மையம் 102. டேங்க் விட்டம் 27.5, நீளம் 128. போகிக்குள்ள அச்சுக்கு அச்சு 20. சக்கரம் 9.6. கப்ளர் (வண்டியை வண்டியோட இணைக்கிற கொக்கி) போகியிலேயே மாட்டினது. எடை 62 கிராம்.

இதை பி.டி.பி.என்., அதாவது நம்ம ரயில்வேயோட பெட்ரோல் டேங்க் வேகன் ஆக்கணும். என் கணக்கு: ஃப்ரேமையும் டேங்கையும் நடுவுல 6 மி.மீ. வெட்டி ஒட்டினா நீளம் சரியாயிடும், மேல இருக்கிற உயரமான டோமை அறுத்துட்டு சின்ன மேன்ஹோல் வெச்சா போதும், அப்புறம் சில்வர் பெயிண்ட், நம்பர். போட்டோ ஒண்ணு பக்கவாட்டுல நேரா எடுத்தது இருக்கு, வேகன் நம்பர் தெளிவா தெரியுது.

கேட்க வேண்டியது மூணு. இந்த வெட்டு போதுமா? போகியை அப்படியே விட்டுடலாமா? கப்ளரை எந்த உயரத்துல வைக்கிறது?

சங்ககிரி_சைடிங்:

வெட்டறதுக்கு முன்னாடி அந்த போட்டோவை ஒருவாட்டி பாருங்க. ரெண்டு போகிக்கும் நடுவுல, டேங்குக்கு அடியில, சட்டம் விடாம ஓடுதுங்களா? ஓடினா பி.டி.பி.என். நடுவுல சட்டமே இல்லாம டேங்க் தானே பாரத்தைத் தாங்கி, முனையில மட்டும் குட்டைச் சட்டம் இருந்தா அது பி.டி.எஃப்.எல்.என்., ஃப்ரேம் இல்லாத வகை. தூரத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணாட்டம்தான் தெரியும். பி.டி.எஃப்.எல்.என்.னா உங்க பழைய பாணி கார் உதவாது, புது பாணி அமெரிக்க டேங்க் காரை வாங்கறது சுலபம். கீழ எழுதறது பி.டி.பி.என்.னு வெச்சுத்தான்.

நிஜ வண்டி அளவும் 87-ல வகுத்ததும், எல்லாம் மி.மீ.ல: கப்ளர் முகத்துக்கு முகம் 12420, மாடல்ல 142.8. ஹெட்ஸ்டாக்குக்கு ஹெட்ஸ்டாக் (ஃப்ரேமோட முனைக் குறுக்குச் சட்டம்) 11491, அதாவது 132.1. போகி மையம் 8391, அதாவது 96.4. தண்டவாளத்துல இருந்து மொத்த உயரம் 4265, அதாவது 49. பேரல் (டேங்கோட உருளை) உள்விட்டம் 2850. தகட்டையும் சேர்த்தா மாடல்ல 33 மி.மீ.

இப்ப உங்க கணக்கைப் பாருங்க. ஃப்ரேம்ல 6 எடுத்தா 132, போகி மையம் 96. அது அதிர்ஷ்டம்தான், அப்படியே பொருந்துது. ஆனா டேங்க்ல 6 எடுத்தா 122 ஆயிடும். பேரல் ஹெட்ஸ்டாக்கை விட ரெண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. உள்ள நிக்கணும், அதாவது 129. உங்க டேங்க் நீளம் ஏற்கெனவே சரி. தப்பு விட்டத்துலதான். 27.5-ஐ 87-ல பெருக்குங்க, 2.4 மீட்டர்தான் வருது. 33-க்கு 27.5-னா குறுக்குவெட்டுப் பரப்புல நிஜம் 44 சதவீதம் பெருசு. பி.டி.பி.என்.னோட தோரணையே அந்தப் பருமன்தான். நீளத்துல 2 மி.மீ. பிசகினா ஒருத்தருக்கும் தெரியாது, விட்டத்துல 5 மி.மீ. பிசகினா வாசப்படியில நின்னு பார்க்கிறவங்களுக்கே தெரியும். போதாக்குறைக்கு உங்க டேங்க்ல ரிவெட் வரிசை இருக்கும். பி.டி.பி.என். வெல்டிங் பண்ணினது, ரிவெட் கிடையாது. அதனால டேங்கை வெட்ட வேண்டாம், கழட்டி வெச்சுடுங்க.

அதுக்குப் பதிலா ஹார்டுவேர் கடையில 32 மி.மீ. பி.வி.சி. பைப் வாங்குங்க. கடைக்காரர் ஒரு இஞ்ச் பைப்புன்னு சொல்லுவார், தோட்டத்து மோட்டாருக்குப் போடறதுதான். இதுல 32-ங்கிறது வெளிவிட்டம். அது மேல அரை மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட் ஒரு சுத்து சுத்தினா 33. பைப்பை மட்டும் வெச்சு பெயிண்ட் அடிச்சா ஆகாதுங்களான்னு கேட்பீங்க. ஆகும், ஆனா பைப்புல அச்சடிச்ச எழுத்தும் இழுத்த கோடும் சில்வர் அடிச்சதும் பளிச்சுன்னு எழும்பி நிக்கும். அதோட மேல ஒட்டற சின்னச் சாமான் எல்லாம் ஸ்டைரீன்ல பிடிக்கிற மாதிரி பி.வி.சி.யில பிடிக்காது.

ஷீட் வெட்டற அளவு: பைப் 32.0 இருந்தா அகலம் 102 மி.மீ. (32.5-ஐ 3.14-ல பெருக்கினது). ஆனா பைப் 32.3 வரைக்கும் வரும். அதனால கணக்கை நம்பாம ஒரு பேப்பரைச் சுத்தி, குறி வெச்சு, 1.5 மி.மீ. கூட்டி வெட்டுங்க. மிச்சத்தைக் கடைசியில தேய்ச்சுக்கலாம், குறைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

ஷீட்டை முன்கூட்டியே வளைக்கணும். இங்கதான் பல பேர் மாட்டறாங்க. பைப் மேலயே சுத்திக் கட்டி வெந்நீர்ல போட்டா ஸ்டைரீனுக்கு முன்னாடி பி.வி.சி. பைப் இளகி முட்டை வடிவமாயிடும். 28, 30 மி.மீ. விட்டத்துல ஒரு இரும்புக் குழாய் இல்லைன்னா கண்ணாடி பாட்டில் எடுத்து, அதுல ஷீட்டைச் சுத்தி, துணியால கட்டி, அடுப்பை அணைச்ச பிறகு கொதி அடங்கின தண்ணியில ரெண்டு நிமிஷம் வெச்சு, அப்படியே பச்சைத்தண்ணியில ஆற விடுங்க. கழட்டினா சுருளாவே நிக்கும்.

ஒட்டறதுக்கு பைப் கடையில குடுக்கிற சால்வென்ட் பசை கூடவே கூடாது. அரை மி.மீ. ஸ்டைரீனை அது தின்னுடும். அன்னைக்கு நல்லாத்தான் தெரியும், ஒரு வாரம் கழிச்சு உள்ள மாட்டின ஆவி கொப்புளமா எழும்பும். பைப்பை 120 நம்பர் உப்புத்தாள்ல கீறிவிட்டு, ஒரு ஓரத்தை மட்டும் சூப்பர் க்ளூவுல பிடிச்சு, அது இறுகினதும் மெதுவா காயற அரால்டைட்டை மெல்லிசா பரப்பிச் சுத்துங்க. சைக்கிள் ட்யூபை ரிப்பனா வெட்டி முழு நீளத்துக்கும் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்க. கயித்துல கட்டினா தடம் விழும். இணைப்பு நேர் கீழ வரட்டும், ஃப்ரேம் மேல உட்கார்ற இடத்துல மறைஞ்சுடும்.

ஃப்ரேமை நேர்கோட்டுல அறுக்காதீங்க. படி மாதிரி, மேல பாதி ஒரு பக்கமும் கீழ பாதி 15 மி.மீ. தள்ளியும் அறுத்து ஒண்ணுமேல ஒண்ணு உட்கார வைங்க. உள்பக்கம் 60 மி.மீ. பித்தளைப் பட்டை ஒண்ணு அரால்டைட்ல. ஒட்டும்போது கண்ணாடி மேல கவுத்து வெச்சு, ரெண்டு போகித் துளையும் ஒரே மட்டத்துல இருக்குதான்னு பார்த்துட்டு விடுங்க. அரை டிகிரி முறுக்கு இருந்தாலும் நாலு சக்கரத்துல ஒண்ணு தூக்கிட்டு ஓடும்.

பீளமேடு_பட்டறை:

பைப் யோசனை சரிதானுங்க. மூடி எப்படின்னு யாரும் சொல்லலை. பைப்புக்கு விக்கிற எண்ட் கேப் வாங்கிடாதீங்க, அது பைப்புக்கு வெளியில மாட்டறது, விட்டம் கூடிரும், முகமும் தட்டை.

கோயமுத்தூர்ல இருந்துட்டு எம்-சீல்ல பிசைஞ்சு உருட்ட வேண்டிய அவசியமே இல்லை. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. 35 மி.மீ. அலுமினிய ராடு, 12 மூடி. டிராயிங்ல குடுக்க வேண்டியது இவ்வளவுதான்: வெளிவிட்டம், நீங்க ஷீட் சுத்தி முடிச்ச பேரலை அளந்து வர்ற அளவு (33.0-ன்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் பேரல் 33.3 வந்தா படி தெரியும்). முகம் வெளிப்பக்கம் புடைக்கிற உயரம் 4 மி.மீ. நடு வளைவு ஆரம் 95, ஓரத்து வளைவு ஆரம் 3. பின்னால 5 மி.மீ. நீளத்துக்கு பைப்புக்குள்ள நுழையற படி.

அந்தப் படியோட விட்டத்தை மட்டும் பொத்தாம்பொதுவா 28-ன்னு எழுதாதீங்க. 32 மி.மீ. பைப்பு தாங்கற அழுத்தத்துக்குத் தகுந்த மாதிரி பல வகையில வரும், வெளிவிட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணு, சுவர் கனம் வேற வேற. வாங்கின பைப்புத் துண்டைக் கையோட கொண்டுபோய்க் குடுத்து, 0.1 மி.மீ. லூஸ் வெச்சுக் கடையச் சொல்லுங்க. ஒரே பைப்புல ஆறு பேரலும் வெட்டிடுங்க. ரெண்டு கடையில வாங்கினா ரெண்டு அளவு.

பேரல் வெட்டு நீளம் 121. ரெண்டு மூடியும் நாலு நாலு சேர்ந்தா 129. வெட்டினது சதுரமா இருக்கணும். ஹேக்சா பிளேடுல அறுத்தா சாயும். ராடோட பைப்பையும் அதே லேத்துல ஃபேசிங் (முனையைச் சமமா சீவறது) பண்ணிக்கலாம், உள்ள ஒரு மரக்கட்டை சொருகிட்டுப் பிடிக்கணும், இல்லைன்னா லேத்தோட பிடி (சக் ஜா) பைப்பை நசுக்கிடும்.

முகத்துல டூல் தடம் இருந்தா 400, அப்புறம் 800 தாள், லேத்துல சுத்தறப்பவே. கையில தேய்ச்சா ஓரம் போயிடும்.

ஈரோடு_யார்டு:

மேல ரெண்டு பேரும் சொன்னதுல எடைக் கணக்கைச் சேர்க்கறேன், ஏன்னா அலுமினிய மூடின்னதும் கணக்கே மாறுது.

எச்.ஓ.வுக்கு அமெரிக்க மாடல் சங்கம் சொல்ற எடை, ஒரு அவுன்சும், நீளத்துல இஞ்சுக்கு அரை அவுன்சும். 132 மி.மீ.ன்னா 5.2 இஞ்ச், 102 கிராம் வருது. உங்களுக்குக் கிடைக்கப் போறது: பைப் சுமார் 32, மூடி ரெண்டும் சேர்ந்து 28, ஷீட் 6, ஃப்ரேமும் போகியும் சக்கரமும் 25. மொத்தம் 91. பதினொரு கிராம்தான் குறை. டயர் கடையில சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டற 5 கிராம் துண்டு ரெண்டு, ஒவ்வொரு போகிக்கும் நேர் மேல, பேரலோட அடிப்பக்கம் உள்ள. மேல ஒட்டினா வளைவுல சாயும். நைலான்ல மூடி கடைஞ்சா ரெண்டும் 12 கிராம்தான், அப்ப 27 கிராம் சேர்க்கணும். மூடியை ஒட்டிட்டா உள்ள கை போகாது. அதனால முதல் வேகனை முழுசா டேப்புல சேர்த்து தராசுல வெச்சுப் பார்த்துட்டு ஒட்டுங்க.

போகி. அமெரிக்க போகி பார்வைக்கு நம்ம வேகன்ல இருக்கிற கேஸ்னப் போகி மாதிரியே இருக்கும், ஏன்னா ரெண்டும் மூணு துண்டு வார்ப்பு போகி குடும்பம்தான். ஆனா கேஸ்னப் அச்சு இடைவெளி 2000, மாடல்ல 23. உங்களுது 20. சக்கரம் 1000 மி.மீ., அதாவது 11.5. உங்களுது 9.6, அது அமெரிக்க 33 இஞ்ச் சக்கரம். சின்னச் சக்கரமும் குட்டை போகியும் சேர்ந்தா மேல எவ்வளவு சரியா செஞ்சாலும் வண்டி பொம்மையாட்டம் நிக்கும்.

சைடு ஃப்ரேமை வெட்டி நீட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க. கணக்கு போடுங்க: ஒரு ஃப்ரேமுக்கு ரெண்டு வெட்டு, வேகனுக்கு நாலு ஃப்ரேம், ஆறு வேகனுக்கு 48 வெட்டு. அது கூட பரவாயில்லை. ட்ரெயின் செட் போகி நிறைய அசிட்டல் பிளாஸ்டிக்ல அடிச்சது. அதுல ஒரு பசையும் பிடிக்காது. தேய்ச்சுப் பாருங்க: பொடி உதிராம மெழுகாட்டம் இழை இழையா வந்தா அசிட்டல். ஸ்டைரீன் பசை ஒரு சொட்டு விட்டாலும் மேற்பரப்பு மங்காது. அதை வெட்டிடாதீங்க, வேற வேகனுக்கு வெச்சுக்கோங்க.

ரெசின் 3டி பிரிண்ட்தான் வழி. 23.0 அச்சு இடைவெளி, சைடு ஃப்ரேம் ரெண்டும் போல்ஸ்டரும் (நடுக் குறுக்குச் சட்டமும்) ஒரே துண்டா அடிச்சுடுங்க; நிஜத்துல மூணு துண்டுங்கிற நியாயம் மாடலுக்கு வேண்டாம். சாதா ரெசின் உடையும், ஏ.பி.எஸ். மாதிரின்னு விக்கிற ரெசின் எடுங்க. ரெசின்ல நேரா ஊசிமுனை அச்சை ஓட விட்டா ஆறு மாசத்துல குழி பெருசாயிடும். 2 மி.மீ. பித்தளை பேரிங் கப் போடுங்க. துளையை 1.9-ல பிரிண்ட் பண்ணி 2.0 டிரில்லைக் கையில உருட்டித் திறங்க, மெஷின்ல போட்டா வெடிக்கும். சக்கரம் 11 மி.மீ. கிடைக்கும், 11.5-க்கு அது போதும். அச்சு நீளத்தை அளந்துட்டு டிசைன் பண்ணுங்க: அமெரிக்க வகை 25.8 கிட்ட, ஐரோப்பிய வகை 24.5 கிட்ட. ஒண்ணுக்கு அடிச்ச ஃப்ரேம்ல இன்னொண்ணு ஒண்ணு விழுந்துடும், இல்லை இறுகிடும். பக்கவாட்டு ஆட்டம் 0.2 முதல் 0.3. சக்கர உள்முகத்துக்கு உள்முகம் 14.4 கிட்ட இருக்கணும், புதுசா வாங்கினதுலயும் அளங்க.

போகி திருகு ரெண்டையும் ஒரே மாதிரி முறுக்காதீங்க. ஒண்ணு முன்னும் பின்னும் மட்டும் ஆடணும், இன்னொண்ணு எல்லா பக்கமும் ஆடணும். மூணு கால் முக்காலி ஆடாதுங்களே, அதே கணக்கு.

இருகூர்_லூப்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். போட்டோவுல சட்டம் தொடர்ந்து ஓடுது, அப்ப பி.டி.பி.என்.தான். டேங்கைத் தொடலை, தப்பிச்சேன். தேய்ச்சுப் பார்த்தேன், போகி அசிட்டலேதான், இழை இழையா வருது.

கப்ளர் மட்டும் பாக்கி. நிஜ உயரத்துல வெச்சா என் லோகோவோட சேர மாட்டேங்குது. 457 வளைவுல ஹெட்ஸ்டாக் ஒண்ணோட ஒண்ணு முட்டுமான்னும் பயமா இருக்கு.

ஈரோடு_யார்டு:

சேராதுங்க. நம்ம சி.பி.சி. (நிஜ வேகன்ல நடுவுல இருக்கிற) கப்ளர் மைய உயரம் அதிகபட்சம் 1105 மி.மீ., மாடல்ல 12.7. அமெரிக்க மாடல்ல கேடி கம்பெனி கப்ளர் 9.9 உயரத்துல நிக்கும். 2.8 வித்தியாசம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போயிடும்.

வழக்கமா எல்லாரும் ஃப்ரேமுக்கும் கப்ளர் பெட்டிக்கும் நடுவுல 2.8 மி.மீ. பட்டை வெச்சு 9.9-க்கு இறக்கிடறாங்க. ஓடும். ஆனா ஹெட்ஸ்டாக்குக்குக் கீழ தொங்கற மாதிரி தெரியும், நம்ம வண்டிக்கே அது ஒட்டாது. டேங்க் ரேக்குக்கு (சேர்ந்தே ஓடற வேகன் தொடருக்கு) அதை விட நல்ல வழி இருக்கு. பெட்ரோல் ரேக் தனித்தனியா பிரிஞ்சு ஷண்டிங் ஆகறது அபூர்வம், மொத்தமா வந்து மொத்தமா போகும். அதனால ஆறு வேகனுக்கு நடுவுல இருக்கிற அஞ்சு இணைப்புக்கும் கேடியே வேண்டாம். 12.7 உயரத்துல 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பியில டிராபார், ரெண்டு முனையிலயும் வளையம், திருகுல மாட்டறது. நடுவுல கப்ளர் தலை மாதிரி ரெண்டு துண்டு ஒட்டிடுங்க. ரேக்கோட ரெண்டு கடைசியில மட்டும் 9.9-ல கேடி 5-ம் நம்பர் கப்ளர். ஒரு முனை லோகோவுக்கு, இன்னொண்ணு பிரேக் வேனுக்கு. அந்த ரெண்டு இடத்துலதான் தொங்கறது தெரியும்.

கடைசி வேகன்ல கேடியை ஃப்ரேம்லயே மாட்டுங்க. போகியில மாட்டினா பின்னுக்குத் தள்ளறப்ப போகியை முறுக்கித் தடம் புரள வைக்கும், உங்க செட் வேகன் ரிவர்ஸ்ல படுத்ததெல்லாம் அதனாலதான் இருக்கும்.

முட்டுமான்னா: நிஜத்துல ஹெட்ஸ்டாக்கில இருந்து கப்ளர் முகம் 464 மி.மீ., மாடல்ல 5.3. ரெண்டு வேகனுக்கும் நடுவுல 10.7 இடைவெளி. 457 ஆர வளைவுல பக்கத்துப் பக்கத்து வேகன் சுமார் 18 டிகிரி திரும்பும். ஹெட்ஸ்டாக் 34 அகலம்னு வெச்சாலும் உள்பக்க மூலை ரெண்டும் சேர்ந்து 5.4 நெருங்கும். அஞ்சு மி.மீ. மிச்சம். முட்டாது. ஆனா இடப்பக்க வளைவு முடிஞ்ச உடனே வலப்பக்க வளைவு வந்தா அந்தக் கணக்கு நிக்காது, நடுவுல ஒரு வேகன் நீளமாவது, 143 மி.மீ., நேர்த் தடம் விடுங்க. சைடிங் நுழையற பாயிண்ட்டுலதான் (தடம் பிரியற இடத்துலதான்) இது வழக்கமா மாட்டும்.

பொத்தனூர்_87:

ஒரு மாற்றுக் கருத்து. போகியே பிரிண்ட் பண்ணப் போறீங்க, மூடியும் கடையப் போறீங்க, டேங்கும் புதுசு. பழைய காரில மிஞ்சறது ஃப்ரேம் மட்டும்தான். அதையும் ஸ்டைரீன் சேனல்ல கட்டிட்டா ஆறு காரையும் முழுசா வித்துடலாமே. வெட்டி ஒட்டற நேரத்துல புதுச் சட்டம் ரெண்டு கட்டிடலாம்.

சங்ககிரி_சைடிங்:

நியாயம்தான், ஆனா போகித் துளை ரெண்டும் அந்த ஃப்ரேம்ல ஏற்கெனவே நேரா உட்கார்ந்திருக்கு. புதுசா ஆறு கட்டினா ஆறும் ஒரே மட்டத்துல வர ஜிக் (பிடிச்சு வைக்கிற சட்டகம்) செய்யணும். ஆறு வேகனுக்கு வெட்டறது லாபம். இருபது வேகன் போடறதா இருந்தா நீங்க சொல்றதுதான்.

விட்டுப்போன சாமான் சிலது. அமெரிக்க காரில முனையில நிமிர்ந்து நிக்கிற பிரேக் வீலை எடுத்துடுங்க. நம்ம வண்டியில கைப்பிரேக் சக்கரம் பக்கவாட்டுல, அண்டர்ஃப்ரேம் மட்டத்துல இருக்கும். டேங்கைச் சுத்தி ஓடற கைப்பிடிக் கம்பியும் வேண்டாம். மேன்ஹோலைத் தாழ்வா வைங்க. மொத்த உயரம் 49 தாண்டக்கூடாது, பேரல் உச்சி 47 கிட்ட வந்துடும், அதனால மூடிக்கு 2 மி.மீ.தான் இருக்கு. உயரமான டோம் அந்தக் காலத்து அமெரிக்க எண்ணெய் வண்டி, அதை விட்டுட்டா வேற என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்லை. அடியில நடுவுல வால்வும், அங்கிருந்து ரெண்டு பக்கமும் வர்ற இறக்கு குழாயும் வேணும்: 1.5 மி.மீ. ராடு குறுக்கா, முனையில 3 மி.மீ. வட்டத் துண்டு, அது மூடின ஃப்ளாஞ்சு. பிரேக் சிலிண்டர் நிஜத்துல 355 மி.மீ. விட்டம், 4 மி.மீ. ராடு ஒரு துண்டு. அமெரிக்க ஃப்ரேம்ல இருக்கிற ரெண்டு அறை காற்றுத் தொட்டி நமக்கு இல்லை, அறுத்துடுங்க. ஏணியும் மேல நிக்கிற மேடையும் போட்டோவைப் பார்த்து. படிக்கு 0.4 மி.மீ. கம்பிக்கு மேல போகாதீங்க.

காங்கேயம்_டெக்கல்:

பெயிண்ட், நம்பர் பத்தி மட்டும்.

சில்வர் ஒரு குறையையும் மறைக்காது. பைப்–மூடி இணைப்புல நகத்தை ஓட்டினா தட்டுப்படக் கூடாது. அலுமினிய மூடிக்கு மட்டும் முதல்ல எட்ச் பிரைமர், அப்புறம் முழு பேரலுக்கும் சாம்பல் பிரைமர், 800 தாள்ல தண்ணி விட்டுத் தேய்ப்பு, அதுக்கு மேல சில்வர் மெல்லிசா மூணு கோட். ஆடி மாசக் காத்துல மொட்டை மாடியில ஸ்ப்ரே அடிக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பெயிண்ட்டை வழியிலயே காய வெச்சுடும், பேரல்ல உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா விழும், மேல மண்ணும் ஒட்டும்.

வெள்ளி மேல கறுப்பு எழுத்துங்கிறது நமக்கு வசதி. வெள்ளை எழுத்துன்னா தனி பிரிண்டர் வேணும். கறுப்புக்கு, தண்ணியில நனைச்சு ஒட்டற கண்ணாடி டெக்கல் தாள்ல சாதா லேசர் பிரிண்டரே போதும். இங்க்ஜெட்னா தண்ணி பட்டதும் கலைஞ்சுடும், மேல ரெண்டு கோட் லேக்கர் அடிச்சுக் காய வெச்சுத்தான் நனைக்கணும். சில்வர் மேல நேரா ஒட்டாதீங்க, அடியில காத்து மாட்டி பனி படர்ந்தாட்டம் தெரியும். முதல்ல பளபளக்கிற (கிளாஸ்) கிளியர், டெக்கல், பிறகு மங்கலான (மேட்) கிளியர்.

ஆறு வேகனுக்கும் ஒரே நம்பர் போடறது பரவலான தப்பு. அதை விட மோசம், கடைசி இலக்கத்தை மனசுக்குத் தோணினபடி மாத்தறது. நம்ம வேகன் நம்பர் 11 இலக்கம்: முதல் ரெண்டு வகை, பி.டி.பி.என்.னுக்கு 40. அடுத்த ரெண்டு எந்த ரயில்வேயோட வண்டி, தெற்கு ரயில்வே 06. அடுத்த ரெண்டு தயாரிச்ச வருஷம். அப்புறம் நாலு இலக்க வரிசை எண். பதினொண்ணாவது சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கு போட்டுத்தான் எழுதணும்.

முதல் பத்து இலக்கத்துல இரட்டை இடத்துல இருக்கிறதைக் கூட்டி மூணால பெருக்குங்க. ஒற்றை இடத்துல இருக்கிறதைக் கூட்டி அதோட சேருங்க. வர்ற தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு வேணுமோ அதுதான் பதினொண்ணாவது. உதாரணத்துக்கு 40 06 05 1237. இரட்டை இடம்: 0, 6, 5, 2, 7, கூட்டினா 20, மூணால பெருக்கினா 60. ஒற்றை இடம்: 4, 0, 0, 1, 3, கூட்டினா 8. மொத்தம் 68, எழுபதுக்கு 2 வேணும். ஆக 40060512372.

ஆறுக்கும் 06 போடாதீங்க. வேகன் எந்த ரயில்வேயோடதா இருந்தாலும் நாடு பூரா சுத்தும். ரேக்குல 08, 09, 03-ன்னு கலந்து வந்தாத்தான் நிஜம். வருஷமும் கலந்து போடுங்க. பழைய வருஷம் போட்ட வேகனுக்கு மேன்ஹோல்ல இருந்து வழிஞ்ச எண்ணெய்க் கறையைக் கூட்டி, புதுசுக்குக் குறைச்சு.

கறைக்கு மேட் கறுப்பு வேண்டாம். எண்ணெய் பளபளக்கும். கறுப்புல கொஞ்சம் காவி கலந்து பளபளக்கிற பெயிண்ட்ல, மேன்ஹோல்ல இருந்து நேர் கீழ, அகலம் குறைஞ்சுகிட்டே போகட்டும். போகியிலயும் அடியிலயும் மட்டும் மேட் துரு நிறம், பிரேக் கட்டை தேய்ஞ்ச பொடி.

இருகூர்_லூப்:

நம்பர் கணக்கு போட்டுப் பார்த்தேனுங்க. என் போட்டோவுல இருக்கிற வண்டிக்கு அப்படியே வருது. அதையே முதல் வேகனுக்குப் போட்டுடறேன். 08-ல ஒண்ணு: 40 08 99 2416. இரட்டை இடம் 0, 8, 9, 4, 6, கூட்டினா 27, மூணால 81. ஒற்றை 4, 0, 9, 2, 1, அது 16. மொத்தம் 97, அப்ப கடைசி 3. சரிங்களா?

காங்கேயம்_டெக்கல்:

சரிங்க. மொத்தம் நேரா பத்தின் மடங்குலயே முடிஞ்சா கடைசி இலக்கம் 0, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. டெக்கல் தாள்ல ஆறு நம்பரையும் ரெண்டு ரெண்டு பிரதி அடிச்சு, வேகனுக்கு ரெண்டு பக்கம், கூட மூணாவது பிரதி ஒண்ணும் அடிச்சுடுங்க. ஒட்டறப்ப ஒண்ணாவது சுருண்டு போகும்.